ஹார்ட் டிஸ்குக்குள் யாரோ தட்டுகிறார்கள்

கடையின் கண்ணாடிக் கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

"அந்த ஆள்தான் தம்பி" என்றார் தர்மலிங்கம். தலையைத் திருப்பவில்லை.

"பார்க்காமலே எப்படி ஐயா தெரியும்?"

"வேற யாராச்சும்னா 'தம்பி'ன்னோ 'முதலாளி'ன்னோ கூப்பிட்டிருப்பாங்க. நான் உள்ள இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். நான் இருக்கிற இடத்துல அவன் வாயத் தொறக்க மாட்டான். எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல."

ரிப்கான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். பதுளை பஸாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை அவனுடையது. வாசலில் வீரமலை நின்றார். சாக்கில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி தோளில் இருந்தது. சாக்கு நனையவில்லை, ஆள்தான் தெப்பமாக நனைந்திருந்தார்.

பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலைக் கம்ப்யூட்டர் அது, பழுதாகிக் கிடந்தது. பெட்டியும் தர்மலிங்கமும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். பெட்டி பின் ஸீட்டில் வீரமலையின் மடியில். தர்மலிங்கம் முன் ஸீட்டில்.

மறுநாள் தோட்டத்தில் நினைவுக் கூட்டம். மண்சரிந்து பதினோரு வருடம். செத்துப்போன ஒன்பது பேரின் முகத்தையும் திரையில் காட்ட மேனுஷா டீச்சர் பிரசன்டேஷன் செய்து பென் டிரைவில் கொடுத்திருந்தாள். போட்டுப் பார்த்தால் எட்டு முகம் வந்தது. ஒன்பதாவது இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம்.

அந்தக் கட்டத்தில் வர வேண்டியவள் தர்மலிங்கத்தின் மனைவி புஷ்பம்.

"மத்த எட்டும் போட்டோ ஐயா. அது பிரசன்டேஷனோடயே ஒட்டிக்கிட்டு வந்திரும். அம்மாவோடது வீடியோ. டீச்சர் அத பென் டிரைவுல போடல. அது இருக்கிற இடத்துக்கு வழி மட்டும் காட்டி வச்சிருக்காங்க. வழி இந்தப் பெட்டியில இருக்கிற டிஸ்குக்குப் போகுது" என்றான் ரிப்கான்.

"அதத்தான் தம்பி எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க. கல்யாணப் படம், அடையாள அட்டை எல்லாமே மண்ணுக்குள்ள. தைப்பூசத் தேர்ல டீச்சர் எடுத்த அந்த இருபது செக்கன்தான் அவ. வேற அவ இல்ல."

ரிப்கானுக்கு மனது கரைந்தது. வீரமலை உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அவருக்கு எதுக்கு ஸ்டூல்? ஓட்டக்காரர். கால்ல நின்னே பழக்கம்" என்றார் தர்மலிங்கம், சத்தமாக. "லயத்துல எங்களுக்கு அடுத்த காம்பரா இவரு, நடுவுல ஒரே செவுருதான். அன்னைக்கு விடியக்காலையில மலை வாயப் பொளக்குது. இவரு பொண்டாட்டி புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடுறாரு. எங்க கதவ ஒரு தட்டு தட்டிட்டுப் போனா கை தேஞ்சா போயிரும்? பீலிக் குழாயில தண்ணி பிடிக்கிறதுல ஒரு சண்டை. ஆறு மாசம் பேசல. அதுக்காக எங்க ரெண்டு பேரையும் அப்படியே விட்டுட்டு ஓடினாரு. என்னத் தோண்டி எடுத்தாங்க. அவள எடுக்கல."

வீரமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மறுப்பு இல்லை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

இப்படியும் ஒரு மனுசனா! ரிப்கான் ஸ்டூலைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டான். வீரமலை வாசல்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

டிஸ்கைக் கழற்றி வயர் கொடுத்தான் ரிப்கான். வெளியே பனிமூட்டம் இறங்கி, நடுப்பகலிலேயே தெரு மங்கியது.

டொக். டொக். டொக்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதி. மறுபடியும்...

டொக். டொக். டொக்.

"என்ன தம்பி அது?" தர்மலிங்கத்தின் குரல் மாறியிருந்தது.

"உள்ள ஒரு முள்ளு இருக்கு ஐயா. சாகப்போற டிஸ்குல அது தட்டும்." சொன்னானே தவிர, ரிப்கானுக்கே ஒரு மாதிரி இருந்தது. எத்தனையோ டிஸ்க் செத்துப் பார்த்தவன். இப்படி எண்ணி வைத்தாற்போல் மும்மூன்றாய்த் தட்டி அவன் கேட்டதில்லை.

வீடியோ வர ஆரம்பித்தது. இருபது வீதம். முப்பது.

டொக். டொக். டொக்.

"நிறுத்துங்க!"

தர்மலிங்கம் பாய்ந்து வயரைப் பிடித்தார். ரிப்கான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பிடுங்கினா அம்மா போயிருவாங்க ஐயா! இது மறுபடி ஓடாது. அறுபது வந்திருச்சு, பாருங்க."

அவர் திரையைப் பார்க்கவில்லை. டிஸ்கையே பார்த்தார். கை தளர்ந்தது. பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோலக் குனிந்து, தணிந்த குரலில் பேசினார்.

"புஷ்பம், எந்திரிக்காத. படு."

டொக். டொக். டொக்.

"அவன்தான். வேற யாரு பேர் சொல்லாம தட்டுவா? தட்டட்டும். வாயத் தொறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கதவத் தொறக்கணும். நீ எந்திரிக்காதங்கிறேன்!"

ரிப்கான் மெதுவாக அவர் கையை விட்டான்.

நூறு வீதம். டிஸ்க் நின்றுபோனது. திரையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். தர்மலிங்கம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்திருந்தார்.

ரிப்கான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அன்னைக்கு நீங்க தட்டினீங்களா ஐயா?"

"மூணு தரம்" என்றார் வீரமலை. அந்தக் கடையில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். "பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். வீம்பு."

"ஊரே உங்களக் காறித் துப்புதே. பதினோரு வருசமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

வீரமலை உள்ளே கவிழ்ந்திருந்தவரை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"சொன்னா, அவன் எப்பிடித் தம்பி உசுரோட இருப்பான்?"