படியில் கால் வைத்தால் மணி

"லூர்துமேரி, இன்னைக்கும் லேட்டு."

உபதேசியார் சவரிராயன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பார்க்கத் தேவையில்லை. பூசை மணி அடித்து ஓய்ந்த பிறகு மீன் வாசனையோடு கோயிலுக்குள் நுழைகிறவள் சாந்தோம் குப்பத்தில் அவள் ஒருத்திதான்.

"இன்னா பண்றது உபதேசியாரே, காலைக் கழுவிக்கினு வரதுக்குள்ள அடிச்சுப்புடுது."

சாமியார் இன்னும் பீடத்துக்கு வரவில்லை. உபதேசியாருக்கு அது வசதியாகப் போயிற்று.

"மணி உனக்காக நிக்காது. சர்வேசுரன் குறிச்ச நேரத்துக்குக் கீழ்ப்படியறதுக்குப் பேர்தான் பரிபூரணம். என்னைப் பாரு. முன்னெல்லாம் நான் வந்து மணிக்காகக் காத்துக்கிட்டிருப்பேன். போன வருஷம் ஜட்கா வண்டி மேல ஏறிக் கால் ஒடிஞ்சுதே, அதுக்கப்புறம் காத்திருக்கவே வேண்டியதில்லை. நான் படியில கால் வைக்கிறேன், மணி அடிக்குது. என்னையும் மணியையும் சர்வேசுரன் ஒண்ணா சேர்த்துட்டார்."

"ஆமா உபதேசியாரே," என்று லூர்துமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சிரிக்கிறாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பூசை முடிந்ததும் அவளை வெளியே மடக்கினார். மாதக் கடைசியில் மாதா தேர். தேருக்கு முன்னால் பெரிய மெழுகுதிரி பிடித்துக்கொண்டு போக இந்த வருஷம் லூர்துமேரி வீட்டு முறை. ஆனால் யார் பிடிப்பது என்று கடைசியில் தலையாட்டுகிறவர் உபதேசியார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மணிக்கு முன்னாடி நீ உள்ள இருக்கணும். இருந்தா மெழுகுதிரி உனக்கு. இல்லேன்னா கிடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"புயல்ல மாட்டிக்கினு என் வூட்டுக்காரர் உசிரோட திரும்பி வந்தாரே, அதுக்கு நேர்ந்துக்கினது உபதேசியாரே."

"நேர்ந்துக்கிட்டவளுக்கு நேரம் தெரியணும்."

இது நன்றாக அமைந்துவிட்டதென்று அவருக்கே தோன்றியது. வழியெல்லாம் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஞாயிறு. கைத்தடியை ஊன்றி ஊன்றி அவர் கோயில் வளவுக்குள் வந்தபோது, கிணற்றடியில் லூர்துமேரி மீன்கூடையும் தானுமாக நின்றுகொண்டிருந்தாள். இவருக்கு முன்னாலேயே வந்தவள், கால் கழுவி உள்ளே போகவேண்டியதுதானே? போகவில்லை. இவரும் போ என்று சொல்லவில்லை. சொல்வானேன்?

படியில் கால் வைத்தார். மணி அடித்தது.

அது ஓய்ந்த பிறகு மீன் வாசனை வந்தது.

"மெழுகுதிரி போச்சு," என்றார்.

"போவட்டும் உபதேசியாரே."

முட்டி போட்டவள் பூசை முடிகிறவரை தலையைத் தூக்கவில்லை.

உபதேசியார் நேரே மணியடிக்கிற கோயில்பிள்ளை ஆரோக்கியத்திடம் போய் மெழுகுதிரியைக் கேட்டார்.

"யாரு பிடிக்கப் போறது?"

"ஒரு நாளும் தவறாதவன் யாரு? நான்தான்."

ஆரோக்கியம் மெழுகுதிரியை நீட்டினான். அவர் வாங்கினார். அவன் விடவில்லை.

"மணிக்கயிறு எங்க தொங்குது, தெரியுமா உபதேசியாரே?"

"பின்கட்டு ரூம்புல. அதுக்கென்ன?"

"அங்கேருந்து வாசப்படி தெரியுமா?"

"தெரியாது."

"கிணத்தடி தெரியும். நீங்க படியில கால் வைக்கசொல்ல லூர்துமேரி கையைத் தூக்குவா. அப்புறந்தான் நான் கயித்தை இழுப்பேன். உங்க கால் ஒடிஞ்ச நாள்லேருந்து இதான் நடக்குது. ஒரு நாள் லேட்டானாலும் இந்த மனுசன் செத்துப்பூடுவாருன்னு அவதான் வந்து கெஞ்சினா. அப்பால கூடையை வச்சு, காலைக் கழுவி, அவ உள்ள வரதுக்கு லேட்டாவாம இன்னா ஆவும்?"

சவரிராயன் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்காவது நீ உள்ள போயிடு, மெழுகுதிரி முக்கியம்னு நானும் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"என்ன சொன்னா?"

ஆரோக்கியம் மெழுகுதிரியை விட்டுவிட்டான்.

"மாதா அடுத்த வருசம் வரைக்கும் பொறுத்துக்குவா, உபதேசியாருக்குத்தான் பொறுக்கத் தெரியாதுன்னா."