சுத்தமான மின்சாரம்

"மூச்சுகூட விடாதீங்க சார். இப்ப கேக்குதா? 'ங்ங்ங்'னு?"

வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒலிப்பெட்டியில் காதை ஒட்டினார். ஒலி ஆர்வலர் சங்கத்தில் அவருக்குத் தங்கக்காது என்று பெயர். அவர் கேட்கிறது என்றால் கேட்கிறது, இல்லை என்றால் இல்லை.

"கேக்குது தம்பி. ரொம்ப மெல்லிசா. சாதாரணக் காதுக்கு எட்டாது."

கண்டென்சருக்கு உச்சி குளிர்ந்தது.

கண்டென்சர் என்பது அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர். பகலில் காப்பீட்டுக் கோப்புகளோடு மாரடிப்பான். வீடு திரும்பினால் தன் கையாலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுவான். கடையில் வாங்கியதில் பாட்டுக் கேட்பவனை அவன் மனிதனாகவே மதிப்பதில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் பொருத்தும் ஒரு சின்னக் கண்டென்சர் வாங்குவதற்கு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட அதிகமாக விசாரிப்பான். எந்த ஊர்த் தயாரிப்பு, உள்ளே எண்ணெயா காகிதமா, கால் செம்பா தகரமா என்று கடைக்காரரின் உயிரை வாங்குவான்.

உதிரிகளைப் பொருத்தும் போர்டும் சொந்தத் தயாரிப்புதான். சர்க்யூட் படத்தை வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, மனைவியின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவான். பிறகு துணி ஊறவைக்கும் பேசினில் மருந்துத் தண்ணீர் விட்டு, வேண்டாத செம்பைக் கரைப்பான். பேசினின் கறை இந்த ஜென்மத்தில் போகாது. முதல் போர்டில் படத்தைத் திருப்பிப் போட மறந்து, எல்லாம் இடவலம் மாறிப் போனது. இப்போது இருப்பது நான்காவது.

நான்கிலும் அதே 'ங்ங்ங்'. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எல்லார் முன்னாலும் இதைப் பாடவைக்க வேண்டும். அதற்குள் இந்தச் சனியன் ஒழிய வேண்டும்.

தங்கக்காது முன்பே சொன்னதில் எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. முகப்பில் எரியும் சிவப்பு விளக்கு ஒலியை அழுக்காக்கும் என்றார். பிடுங்கிப் போட்டான். ஆம்ப்ளிஃபயர் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும் என்றார். மூன்று நாளாக அணைக்கவில்லை. கூடத்து மின்சாரம் சுத்தமில்லை என்றார். சுவரைக் குடைந்து, படுக்கையறையில் இருந்த ஒரே ப்ளக் பாயிண்டிலிருந்து தனி லைன் இழுத்துவிட்டான்.

"பாட்டு போடட்டுமா சார்?"

"பாட்டை யாரு வேணும்னாலும் கேப்பான். நான் மௌனத்தைக் கேக்கணும்."

அப்போது மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பும் அவசரம் முகத்தில் தெரிந்தது.

"ஏங்க, அந்த ரூம்ல நான்..."

"உஷ்! சார் கேட்டுட்டு இருக்காரு, தெரியல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

தங்கக்காது சமையலறைப் பக்கம் விரலை நீட்டினார். "அங்க என்ன ஓடுது?"

"ஃப்ரிட்ஜ் சார்."

"அதான் தம்பி வில்லன்!"

கண்டென்சர் ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடி வந்தான். இருவரும் தலையைச் சாய்த்தார்கள்.

"பாதி குறைஞ்சிடுச்சு!" என்றார் தங்கக்காது.

"ஆமா சார், பாதிதான் இருக்கு!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான்கு போர்டும் பழுதில்லை, ஃப்ரிட்ஜ்தான் கோணல் என்று முடிவாகிவிட்டது. கண்டென்சர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"ஃப்ரிட்ஜை ஏன் அணைச்சீங்க? அப்பாவோட இன்சுலின் உள்ள இருக்கு!" மனைவி பதறிக்கொண்டு மறுபடி வந்தாள்.

"இனிமே ஃப்ரிட்ஜே இந்த வீட்ல இருக்காது. நாளைக்கே உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"அப்ப அப்பாவுக்கு?"

"மருந்து இருக்கற இடத்துலயே அவரும் இருக்கட்டும். உன் தம்பிக்கும் அவரு அப்பாதானே?"

தம்பி வீட்டில் அப்பாவை ஒரு வேளை சாப்பிடக் கூப்பிடவே ஆள் கிடையாது. அது இவனுக்கும் தெரியும்.

"எனக்குக் கேக்காத ஒரு சத்தத்துக்காக எங்கப்பாவை வெளிய அனுப்புவீங்களா?"

"ஆஸ்பத்திரிக் கூச்சல்ல உன் காது மழுங்கிப் போச்சு. இங்க ரெண்டு பேருக்குக் கேக்குதே, ரெண்டு பேரும் பொய்யா சொல்றோம்?"

"தப்பா நினைக்காதம்மா," என்றார் தங்கக்காது பெரிய மனதோடு. "எல்லாருக்கும் ஒரே மாதிரி காது அமையாது."

உள்ளே போன மனைவி ஒரு கையில் மடிப்புக் கலையாத யூனிஃபார்மும் மறு கையில் இஸ்திரிப் பெட்டியுமாகத் திரும்பி வந்தாள்.

"சார், இப்பவும் கேக்குதா?"

"மிச்சம் இருக்கும்மா. தெளிவா கேக்குது."

"உங்களுக்குங்க?"

"கேக்காம என்ன? அதே ங்ங்ங்தான்!"

அவள் இஸ்திரிப் பெட்டியை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"சார் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரூம் ப்ளக்ல உங்க தனி லைனைப் பிடுங்கிட்டுத்தான் இதைச் சொருகினேன். இன்னும் திருப்பி மாட்டல. அதைச் சொல்லத்தான் அப்பவே வந்தேன், நீங்க விட்டாத்தானே?"

தங்கக்காது குனிந்து செருப்பைத் தேடினார்.

கண்டென்சர் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டான். அப்போதும் கேட்டது, 'ங்ங்ங்'.