சுத்தம் செய்த சிம்பொனி

"இப்ப கேளுங்கோ அன்ரி," என்று கிருசாந்தன் ஹெட்போனை விமலேஸ்வரியிடம் நீட்டினான்.

கிளிநொச்சியில் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தான் அவன். வருகிறவர்கள் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் பாட்டும் தேர்தல் அறிவித்தலும் பதிந்துகொண்டு போனார்கள். அந்த வேலையை வெறுத்தான். அந்த மனிதர்களையும்தான்.

தனக்கென்று அவன் கேட்பது ஐரோப்பியச் சிம்பொனிகள் மட்டுமே. பிராம்ஸ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் ஒரே சிம்பொனியை எட்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த பதிவுகள் அவனிடம் இருந்தன. இந்த வன்னியில் அதற்குரிய காது தனக்கு மட்டுமே வாய்த்தது என்பது அவன் எண்ணம்.

போன கிழமை பரந்தனிலிருந்து இந்த அம்மா ஒரு பழைய பென்டிரைவோடு வந்து, அது பழுதாகிவிடும் முன் ஒரு கொப்பி எடுத்துத் தரச் சொன்னபோது, ஏதோ பக்திப் பாட்டு என்றுதான் நினைத்தான்.

பிராம்ஸ்.

முதலில் ஆச்சரியம். பிறகு எரிச்சல்.

ஜெர்மனியில் எங்கோ ஒரு சின்ன நகரத்துக் குழு. வானொலி நேரடியாக ஒலிபரப்பியதை யாரோ கசற்றில் பிடித்து, பிறகு பென்டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். குழுவை நடத்தியவர் இழுத்தடித்தார். கொம்பு ஊதியவர் சுருதி பிசகினார். எல்லாவற்றையும்விட, மெதுவான பகுதியில் வயலின்கள் மூச்சளவுக்குத் தாழ்ந்துபோகும் இடத்தில், சபையில் ஒருவர் இருமினார். அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடியும் இருமினார்.

"அதில ஒரு வெள்ளைக்கார மாடு இருமினது," என்றான் கிருசாந்தன். "பக்கத்தில இன்னொண்டு டொபிப் பேப்பர் உரிச்சது. ரெண்டும் வீட்டில கிடந்திருக்கலாம்."

விமலேஸ்வரி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அந்த இடம் நெருங்கியபோது கண்களை மூடினாள். வயலின்கள் தாழ்ந்தன. தாழ்ந்தபடியே போய், மறுபடி எழுந்தன.

கண்களைத் திறந்தாள்.

"தம்பி, இதில அந்தச் சத்தம்..."

"எடுத்திட்டன் அன்ரி. அதுக்குத்தானே நாலைஞ்சு நாள் மினக்கெட்டனான்."

"நான் தந்தது?"

"அதை அழிச்சுப்போட்டுத்தான் இதை ஏத்தினனான்."

"கம்பியூட்டரில இருக்குமே?"

"அந்தக் குப்பையை ஆர் வைச்சிருக்கிறது?"

ஹெட்போனைக் கழற்றி, இரண்டு கைகளாலும் மேசையில் வைத்தாள்.

"நல்லாத்தான் செய்திருக்கிறியள் தம்பி," என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லாவது வரும் என்று கிருசாந்தன் காத்திருந்தான். அவள் பென்டிரைவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். இந்தச் சனத்துக்கு எதைச் செய்து கொடுத்தும் பயனில்லை என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

பரந்தன் பேருந்தில் யன்னலோரம் இடம் கிடைத்தது.

அவளுடைய கலியாண வீடியோவில் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைத்தான் போட்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசியதை யாரும் பதிந்து வைக்கவில்லை. அந்தப் பழைய கசற்றும் எப்போதோ அறுந்துபோயிருந்தது. ஜெர்மனியில் இருந்த காலமெல்லாம், இப்போது உயிரோடில்லாத அவள் கணவர் செல்வநாதன் அவளைத்தான் படம் எடுத்தார். அவரை யாரும் எடுக்கவில்லை. அவருடைய தொண்டையிலிருந்து வந்ததென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு இருமல்தான்.

வேலையிடத்தில் யாரோ கொடுத்த அனுமதிச்சீட்டில் அந்தக் கச்சேரிக்கு இருவரும் போயிருந்தார்கள். அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் இருமல் அடங்காமல் அவர் கண் கலங்கிப்போய் இருந்தார். அவள் கைப்பைக்குள் தேடி ஒரு டொபியை எடுத்தாள். சத்தம் கேட்காமல் உரிக்கத்தான் பார்த்தாள்.