ஒன்பது மணி நாற்பது நிமிடம்

அண்ணன் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. வளையலை விற்று அவள்தான் அவனை விமானம் ஏற்றிவிட்டாள். விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாளான இன்று, அவன் இருக்கும் ஊரிலிருந்து வந்த விமானம் அவள் பங்குக்கு விழுந்திருக்கிறது. ஆளெல்லாம் இறங்கிப் போன பிறகும் உள்ளே மூச்சு முட்டுகிறது; புளித்த பாலும் கால் வியர்வையும் கலந்த வாடை. வட்ட ஜன்னல் வழியே விழும் வெயிலில், இருக்கையில் யாரோ கொட்டிய குழம்பு பளபளக்கிறது. முன்னிருக்கையின் பைக்குள் கையை விடுகிறாள். குழந்தையின் டயப்பர், இன்னும் சூடாக இருக்கிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே சின்னத் திரை அணைக்கப்படாமல் கிடக்கிறது. நீலக் கடலின்மேல் ஒரு வளைந்த கோடு. கடந்த தூரம் 7,480 கிலோமீட்டர். பயண நேரம் ஒன்பது மணி நாற்பது நிமிடம். அவள் இன்னொரு முறை படிக்கிறாள். அம்மா செத்த அன்று போனில் அவன் சொன்னது அப்படியே கேட்கிறது: "நான் வந்து சேரவே மூணு நாள் ஆகும் பாப்பா. எனக்காகப் பாக்காதீங்க, எடுத்துடுங்க." அதை நம்பி அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். டயப்பரைத் தொட்ட கையைவிட இப்போது காதுதான் அதிகம் கூசுகிறது. பின்வரிசையில் குப்பை அள்ளுகிறவள், காலையில் இவளிடம் பாக்கிக் கதையைக் கேட்டவள், சிரிக்கிறாள். "என்னக்கா அப்படி மொறைக்கிற? பாக்கிக் காசை உங்கண்ணன் அந்தப் பையில போட்டு அனுப்பியிருக்காரா?" அவள் ஈரத் துணியால் திரையை அழுத்தித் துடைக்கிறாள். "அந்தக் காசு எனக்கு வேணாம்டி. அவனோட சேத்துத் தலைமுழுகியாச்சு."