வியர்த்தவர் மட்டும் ஆடலாம்

"உடம்பு சூடேறாம ஆடினா கால் பிசகிடும். ஓடிக் குதிச்சு வேர்த்து வர்றவங்கதான் ஆடலாம்" என்று நடன டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்றாம் மாடியில் வகுப்பு.

வாலு என்று பேரெடுத்த மாணவிக்கு உடம்பு வளையுமா? வகுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து நின்றாள். தோழிகளும் அப்படியே. டீச்சர் காதில் பூ சுற்றியாயிற்று!

மறுநாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றிலிருந்து தெருவாசல் குழாய்க்கு ஓடி, மூச்சிரைக்க மாடியேறி வந்தார்கள்.

பொறுக்க முடியாமல் வாலுவே பிளம்பரை அழைத்து வந்தாள்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு டீச்சர். வால்வைத்தான் யாரோ மூடியிருக்காங்க. திறந்துடட்டுமா?"

டீச்சர் பதறினார். "ஐயையோ, தொட்டுடாதீங்க! அப்புறம் இதுங்களை யாரு மூணு மாடி ஓட வைக்கிறது?"