எண்ணெய்த் துணி

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளைத் தூக்கிவந்ததும் கோதண்டபாணி முதலில் கேட்டது தேங்காய் எண்ணெயைத்தான்.

மனைவி சுப்பம்மா கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மகன் போன பிறகு அவள் அதிகமாகச் செய்வது அது ஒன்றைத்தான்.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி வராந்தா. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முன்சக்கரம் பொரித்த அப்பளம்போல் நெளிந்திருந்தது. இனி யாரும் அதை ஓட்டப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் துடைக்க ஆரம்பித்தார்.

மணிமொழி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அறிவைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததில் நியாயம் இருந்தது. பிரேக்கைச் சரிசெய்தது அவள்.

மலை சைக்கிள் என்று பேர்தான். மலையில் ஓட்டினால் வாரண்டி கிடையாது என்று அதன் கம்பியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தி.நகரில் யாரோ கழித்துக்கட்டியதை அக்காவும் தம்பியும் கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். ஒரு ஞாயிறு அவளுக்கு, ஒரு ஞாயிறு அவனுக்கு.

சென்னையில் மலைக்கு எங்கே போவது? கோட்டூர்புரம் பாலத்திலேயே ஏறி ஏறி இறங்கினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் தேறியதும் மின்சார ரயிலில், காய்கறிக் கூடைகள் ஏற்றும் பெட்டியில் சைக்கிளை ஏற்றிச் செங்கல்பட்டு வரை போய், அங்கிருந்து ஒரு மொட்டைப் பாறை மலையைக் கண்டுபிடித்தார்கள்.

சைக்கிளில் எது உடைந்தாலும் மணிமொழிதான் பார்ப்பாள். கடையில் விட வக்கில்லாதவர்களுக்கு யூடியூப்தான் மெக்கானிக்.

அறிவு கடைசியாகப் போனதற்கு முந்தின நாள் பிரேக் ஒயரை இழுத்து முடுக்கினாள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு அழுத்திப் பார்த்தாள். பிடித்தது. நன்றாகவே பிடித்தது.

மலை இறக்கத்தில் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டேதான் போய் விழுந்தான் என்று பின்னால் வந்த பையன்கள் சொன்னார்கள்.

பொம்பளைப் பிள்ளை கையில் எதற்கு ஸ்பானர் என்று சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கோதண்டபாணி துணியை எண்ணெயில் தோய்த்துப் பிழிந்தார். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டு வருஷக்கணக்கில் ட்ரைசைக்கிள் மிதித்த மனிதர். வண்டி என்று ஒன்று இருந்தால் அதற்கு எண்ணெய் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்த உப்புக் காற்றுக்குத் துருப்பிடித்துவிடும் என்பார். ஹேண்டில்பாரைத் துடைத்தார். பெடலைத் துடைத்தார்.

பின்சக்கரத்தின் ரிம்முக்கு வந்ததும் துணியை மாற்றி, காய்ந்த துணியை எடுத்தார். ரிம்மில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் படவிடமாட்டார். பிரேக் கட்டை வந்து பிடிப்பது அங்கேதான். அவருடைய வண்டியில்.

ரிம் முடிந்தது. மறுபடி எண்ணெய்த் துணி. சக்கரத்தின் நடுவிலிருந்த வட்ட இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் போன கை அப்படியே நின்றது.

"ஸ்டேஷன்ல ஒருத்தன் இன்னாமோ சொல்றான்," என்றார், சைக்கிளைப் பார்த்தபடியே. "இந்தத் தட்டுல எண்ணெ பட்டா ஒண்ணியும் ஆவாதுல்ல? புள்ள மலைக்குப் போறானேன்னு அன்னிக்குக் காத்தால எய்ந்து ரெண்டு சக்கரத்துலயும் நல்லா தொட்ச்சு உட்டேன்."

மணிமொழி அந்தத் தட்டைப் பார்த்தாள்.

இந்த சைக்கிளில் பிரேக் வந்து பிடிப்பது அந்தத் தட்டைத்தான். அதில் எண்ணெய் பட்டால், எவ்வளவு முடுக்கியிருந்தாலும் வழுக்கும்.

நான் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய பாரம் யார் தலையில் போய் உட்காரும் என்பதும் உடனே தெரிந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

சொல்லிவிட்டால் அப்பா மறுபடி அவளோடு பேசுவார். ஆனால் இந்த மனிதர் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நாள் இருக்கமாட்டார்.

துணி பிடித்திருந்த கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

"எண்ணெ பட்டா ஒண்ணியும் ஆவாது நைனா. நான்தான் ஒயர சரியா டைட் பண்ல."

கோதண்டபாணி நிமிர்ந்து மகளைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்த்தார். அவர் மூச்சை இழுத்து விட்டது கதவோரம் நின்றிருந்த அவளுக்கே கேட்டது.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு முதுகு தெரிய நகர்ந்து உட்கார்ந்து, துணியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, அந்தத் தட்டை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.