பாதி இடம்

"எதை வேணும்னாலும் நகர்த்துங்க தம்பி, ஃபஹத்ல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள் ரஹ்மத் பீவி.

தியாகராசன் திரையைப் பார்த்தான். நீடாமங்கலத்தில் ஹாஜா மைதீன் பாயின் கல்யாண வீடியோ ஸ்டுடியோ அது; அவர் மனைவிதான் ரஹ்மத் பீவி. மாடியில் வீடு. மூன்று கம்ப்யூட்டருக்கும் பொதுவாக, வீடியோக்களைச் சேமித்து வைக்க மூலையில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. அதன் இடத்தை இரண்டு தடுப்பறை மாதிரி, இரண்டு வால்யூமாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றின் பெயர் 'கல்யாணம்'. அது தொண்டைவரை நிரம்பிக் கிடந்தது. இன்னொன்றின் பெயர் 'ஃபஹத்'. பெட்டியில் சரிபாதியை அது பிடித்துக்கொண்டிருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்தால் பொதக்குடியிலும் கூத்தாநல்லூரிலும் தெருவுக்கு நாலு கல்யாணம். போதாக்குறைக்கு இப்போது ஹெலிகேம் வேறு வந்துவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்தை ஆகாயத்திலிருந்தும் எடுத்தால்தான் ஊருக்குத் திருப்தி. அதற்குள் பெட்டியில் இடம் பண்ணித் தரத்தான் தியாகராசனைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"பாதியை இதுவே அடைச்சுக்கிட்டு இருக்கேம்மா. தனி டிஸ்க்ல போட்டுப் பீரோவுல வெச்சுக்கலாமே?"

"பீரோவுலயா? என் புள்ளையோடது தம்பி அது. இம்மி குறையக் கூடாது." சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"உங்க மகனா பாய்?" என்று கேட்டான் தியாகராசன்.

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஹாஜா மைதீன் நிமிரவில்லை. "ம். அவன் பேச்சை அவகிட்ட எடுக்காதீங்க, அழுதுடுவா. அதை அப்படியே வெச்சுட்டு, மிச்சத்துல ஆகுறதைப் பாருங்க."

தியாகராசனுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற வயிறு பற்றி எரியும் வீட்டில் இதற்குமேல் என்னத்தைக் கேட்பது? அவனுக்கும் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான்.

புதிதாக வாங்கி வந்த இரண்டு பெரிய டிஸ்க்குகளைப் பெட்டியில் சொருகினான். ஃபஹத்தை அப்படியே அதற்கு மாற்றிவிட்டு, அது இருந்த பழைய டிஸ்க்குகளைச் சுத்தமாக அழித்து, அந்த இடம் மொத்தத்தையும் 'கல்யாண'த்துக்குக் கொடுத்துவிடுவது என்று திட்டம். எந்த வால்யூமை மாற்றினாலும் முதலில் உள்ளே திறந்து நாலு படத்தை ஓட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். இன்று பார்க்கவில்லை. ஊரார் கல்யாணத்தை எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம். போய்ச் சேர்ந்த பிள்ளையின் முகத்தை அந்நியன் ஒருவன் சோதித்துப் பார்ப்பதா என்று மனசு கூசியது.

உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் வால்யூமை முழுசாகத் தூக்கி வைக்கும் முறை அது; மாற்றும் வேலை ஒழுங்காக முடிந்தது. பழைய டிஸ்க்குகளை அழித்தான். கடைசியில், எல்லாம் வந்திருக்கிறதா என்று ஒரே ஒரு நொடி ஃபஹத்தைத் திறந்தான்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு போட்டோ, ஒரு வீடியோ, எதுவுமே இல்லை.

மூடிவிட்டுத் திறந்தான். பெட்டியை அணைத்துப் போட்டான். தெரிந்த வித்தையெல்லாம் காட்டியும் அதே வெறுமை. பழைய டிஸ்க்கில் தேடலாம் என்றால் அதைத்தான் தன் கையாலேயே துடைத்தாயிற்றே!

அந்த நேரம் பார்த்து ரஹ்மத் பீவி இறங்கி வந்தாள். திரையில் ஃபஹத் என்ற பெயரும் அதே பாதி அளவும் இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும் தம்பி. நோன்புக் கஞ்சி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாடியேறினாள்.

தியாகராசன் நாற்காலியை விட்டு எழுந்தான். வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் இந்தப் பூசணிக்காயை அழாமல் திறந்து பார்க்கும் தெம்பு இந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது? சொன்னால் விஷயம் மன்னார்குடி தாண்டிப் போகும். அப்புறம் இந்தப் பக்கத்தில் எந்த ஸ்டுடியோக்காரன் அவனை உள்ளே விடுவான்? மூன்று மாதமாகத்தான் சொந்தமாகத் தொழில் செய்கிறான்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வாசல்வரை போனான். மாடியிலிருந்து கஞ்சிக்குத் தாளிக்கும் வாசனை வந்தது. அதற்குமேல் அவனால் முடியவில்லை. திரும்பி வந்தான்.

"பாய், என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஃபஹத்ல இருந்தது அத்தனையும் போச்சு. திறந்து பார்க்காமலே மாத்திட்டேன். பழசையும் அழிச்சுட்டேன். உங்க மகனோட ஒரு படம்கூட இல்லை பாய்..." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாஜா மைதீன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒண்ணும் போகலை தம்பி. அதுல எப்பவுமே ஒண்ணும் கிடையாது."

"என்ன பாய் சொல்றீங்க?"

"ஊரு கல்யாணமெல்லாம் வந்து அடைச்சுக்கிட்டா, ரொம்ப வருஷமா ஊருக்கே வராத நம்ம புள்ள தோஹாவுலேருந்து லீவுல வந்து நிக்காஹ் முடிக்கும்போது அந்த வீடியோவுக்கு இடம் இல்லாமப் போயிடும்னு அவதான் பாதியை ஒதுக்கி வெச்சிருக்கா."

தியாகராசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப உங்க மகன் நல்லா இருக்காரா பாய்! எப்ப வர்றாரு?"

ஹாஜா மைதீன் மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன் அங்கேயே நிக்காஹ் முடிச்சு, ஒரு புள்ளையும் ஆயிடுச்சு தம்பி. அவகிட்டதான் எனக்கு இன்னும் சொல்லத் தைரியம் வரலை."